டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(வட சென்னையில் உள்ள மசகெண்ணெய் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற வேதியியலாளர், என்ஜின் ஆயில் குறித்த வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: அம்மா, வணக்கம். 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் வைத்திருக்கிறேன். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 230 குதிரைத்திறன். தினமும் வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு அலுவலகம் போய் வருகிறேன். சில மாதங்களுக்கு ஒரு முறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுவேன். கடைசியாகப் போனபோது ஐந்தாவது சுற்றில் ஆயில் வெப்பநிலை 128 டிகிரி காட்டியது. சர்வீஸ் சென்டரில் ஊற்றுவதே போதும் என்கிறார் ஒருவர். பந்தயத்தில் ஓட்டும் நண்பர் 10டபிள்யூ-60 ஊற்றச் சொல்கிறார். இன்னொருவரோ, புதிய கார்களெல்லாம் 0டபிள்யூ-20க்குப் போய்விட்டன, நீயும் மாறு என்கிறார். அன்றாட ஓட்டத்துக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று என்று இரண்டு ஆயில் வைத்துக்கொள்ள வேண்டுமா? எந்த பிராண்ட் நல்லது?
– வேளச்சேரி வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த 128தான். எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி பிராண்ட் பெயரில் தொடங்கி பிராண்ட் பெயரில் முடிகின்றன. தன் என்ஜினுக்குள் ஆயில் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று பார்த்து எழுதுகிறவர் அபூர்வம். பிராண்ட் பெயரை இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில்லை. சொல்லவும் தேவையில்லை என்பது இதைப் படித்து முடிக்கும்போது தெரியும்.

முதலில் காரின் கையேட்டை எடுங்கள். உங்கள் என்ஜினுக்கு ஸ்கோடாவின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் 502 00 என்கிற தர எண் கொண்ட ஆயில் வேண்டும் என்று போட்டிருக்கும். ஆயில் டின்னின் முன்பக்கம் ரேஸ் காரும் தீப்பொறியும் வரைந்து வைத்திருப்பார்கள், அதை விட்டுவிடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் அந்த எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் இன்னொரு வரியைக் கவனிக்க வேண்டும். கார் நிறுவனத்தின் அனுமதி பெற்றது என்று எழுதியிருந்தால், அந்த ஆயிலைக் கார் நிறுவனம் சோதித்துத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்று பொருள். 'இந்தத் தரத்துக்கு ஏற்றது', 'பரிந்துரைக்கப்படுகிறது' என்றிருந்தால், அது ஆயில் கம்பெனி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழ். அவையெல்லாம் மோசமான ஆயில்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிராக்கில் ஓட்டும் காருக்கு நான் வாங்க மாட்டேன்.

இனி கிரேடு. 5டபிள்யூ-40 என்பதில் பின்னால் வரும் 40, நூறு டிகிரியில் ஆயிலின் பாகுத்தன்மையை, அதாவது அது எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. அதை அளக்கும் அலகு சென்டிஸ்டோக்ஸ். 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருந்தால் 40, 9.3 முதல் 12.5க்குள் இருந்தால் 30. ஆய்வுக்கூடத்தில் இதை எப்படி அளப்போம் தெரியுமா? நூறு டிகிரியில் நிறுத்திய தொட்டிக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றை இறக்கி, ஆயில் தன் எடையாலேயே கீழே வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். சாதுவான சோதனை. என்ஜினின் சுழல்தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்கில் ஆயில் அப்படிச் சாதுவாக வடிவதில்லை. தலைமயிரைவிட மெல்லிய இடைவெளியில், நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றும் தண்டுக்கு அடியில் நசுங்குகிறது.

அதற்கென்று வேறொரு சோதனை இருக்கிறது. 150 டிகிரியில், பேரிங்கில் நடப்பதைப் போன்ற கடுமையான இழுவையில் பாகுத்தன்மையை அளப்பார்கள். எச்டிஎச்எஸ் என்று ஆயில் கம்பெனி வெளியிடும் தகவல் தாளில் இருக்கும். 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6 மில்லிபாஸ்கல்-செகண்ட் வேண்டும், 30க்கு 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5. டிராக்கில் ஓட்டுகிறவர் மனப்பாடம் செய்ய வேண்டிய எண் இந்த 3.5. வேடிக்கை என்னவென்றால், கடையில் இரண்டு டின் இருக்கும், இரண்டிலும் 5டபிள்யூ-30 என்றே எழுதியிருக்கும், ஒன்று 2.9ஐத் தொட்டு நிற்கும், மற்றது 3.5ஐத் தாண்டியிருக்கும். ஃபோக்ஸ்வாகன் 502 00, 504 00 இரண்டுமே 3.5க்குக் குறைந்த ஆயிலை ஏற்பதில்லை. உங்கள் காருக்கு அந்த எண்ணைத் தேடச் சொன்னதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இப்போது உங்கள் நண்பர்களிடம் வருவோம்.

0டபிள்யூ-20 சொன்னவர் புதிய என்ஜின்களைப் பற்றிச் சொல்வது சரி. ஃபோக்ஸ்வாகனே 508 00 என்று அப்படி ஓர் ஆயிலுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. தவறிப்போய்ப் பழைய என்ஜினில் ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக அதற்குப் பச்சைச் சாயல் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆயிலை மனத்தில் வைத்து வடிவமைத்த என்ஜின்களுக்கு அது. உங்களுடையது அப்படியல்ல. வேண்டாம்.

10டபிள்யூ-60 சொன்ன நண்பருக்கு அந்த எண் எங்கிருந்து கிடைத்தது என்று எனக்குத் தெரியும். பிஎம்டபிள்யூவின் பழைய எம்3களில், அதாவது எஸ்54 என்ஜினிலும் அதற்கு அடுத்து வந்த எஸ்65 வி8 என்ஜினிலும், அந்த கிரேடைத்தான் ஊற்றச் சொன்னார்கள். எட்டாயிரம் ஆர்பிஎம் தொடும் டர்போ இல்லாத என்ஜின்கள் அவை. பின்னால் வந்த டர்போ எம் கார்களில் பிஎம்டபிள்யூவே அதைக் கைவிட்டுவிட்டது. கெட்டியான ஆயில் என்றால் கூடுதல் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆயிலின் வேலை உராய்வைத் தடுப்பது மட்டுமா? பேரிங்கிலிருந்தும் பிஸ்டன் அடியிலிருந்தும் டர்போவிலிருந்தும் சூட்டை அள்ளிக்கொண்டு போவதும் அதன் வேலைதான். கெட்டி ஆயில் குறுகிய இடைவெளிகளில் மெதுவாக ஓடும். தன் உள் உராய்வாலேயே சூடாகும். காலையில் வண்டியைக் கிளப்பும்போது ஃபில்டரில் அழுத்தம் கூடி, பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் என்ஜினுக்குள் போகும். 128 டிகிரிக்கு 60 கிரேடு மருந்தாகாது.

அந்த 128 பயப்பட வேண்டிய எண்ணும் இல்லை. நல்ல சிந்தெடிக் ஆயிலுக்கு 120 வரை சாதாரணம். 130ஐ ஒட்டிப் போனால் கண்ணை அதன் மேல் வையுங்கள். 135ஐத் தாண்டினால் ஒரு சுற்று காலைத் தளர்த்தி ஓட்டிவிட்டுப் பிட்டுக்கு வந்துவிடுங்கள். 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும் ஆயில் 130 டிகிரியில் ஏறக்குறைய அதில் பாதியாகிவிடும். அந்தப் பாதியைத் தாங்கும் தெம்பு 3.5 என்கிற எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் 140ஐத் தொடுகிறது என்றால் அப்போது செலவழிக்க வேண்டியது ஆயில் கூலருக்கு. கிரேடை ஏற்றிச் சூட்டை மறைக்கப் பார்க்காதீர்கள்.

இரண்டு ஆயில் தேவையா என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் கார்வெட் காரின் ஏழாம் தலைமுறைக்கு, டிராக்குக்குப் போகும் முன் 15டபிள்யூ-50க்கு மாற்று, திரும்பி வந்ததும் அதை வடித்துவிட்டு 5டபிள்யூ-30க்குத் திரும்பு என்று கையேட்டிலேயே எழுதியிருந்தார்கள். யார் செய்வார்கள்? 2019 மாடலிலிருந்து சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே 0டபிள்யூ-40 என்று ஜெனரல் மோட்டார்ஸே மாற்றிக்கொண்டது. உங்களுக்கும் ஒன்றே போதும்.

என் தேர்வு: 502 00 அனுமதி பெற்ற 5டபிள்யூ-40. அதே டின்னில் போர்ஷே ஏ40 அனுமதியும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். 0டபிள்யூ-40 கிடைத்தாலும் தாராளமாக ஊற்றலாம். ஆனால் அந்த பூஜ்யத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். 0டபிள்யூ என்பது உறைபனிக்குக் கீழ் 35 டிகிரியில் என்ஜின் சுற்றுமா என்று பார்க்கும் சோதனை. 5டபிள்யூ என்பது அதையே கீழ் 30 டிகிரியில் பார்ப்பது. வேளச்சேரியில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பமானி இருபதுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

இத்தோடு நிறுத்தினால் பாதிப் பதில்தான் ஆகும். கிரேடை டிராக்கின் சூட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எப்போது மாற்றுவது என்பதைப் பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டிராக்தான் ஆயிலைக் கொல்கிறது என்று டிராக்கில் ஓட்டும் எல்லோரும் நம்புகிறார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வரும் பழைய ஆயில் மாதிரிகள் வேறு கதை சொல்லும். (தண்ணீர் பாட்டிலிலும் ஊறுகாய் ஜாடியிலும் கொண்டு வந்து கொடுப்பார்கள், ஊறுகாயின் உப்பும் சோதனையில் தெரியும் என்பதைச் சொல்லி மாளாது.) மூடியைத் திறந்ததுமே பெட்ரோல் வாசம் அடிப்பவை பெரும்பாலும் ஊருக்குள் ஓடிய, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பாய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் டர்போ கார்களுடையவை. என்ஜின் சூடாகும் முன்னரே பெட்ரோல் சிலிண்டர் சுவரில் பட்டு, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடேறி அந்தச் சூட்டிலேயே கொஞ்ச நேரம் ஓடினால்தான் அது ஆவியாகி வெளியேறும். கடைத்தெருவுக்கு இரண்டு கிலோமீட்டர் போய் வரும் வண்டியில் அதற்கு வழியே இல்லை. ஐந்து சதவீதம் பெட்ரோல் கலந்தாலே 40 கிரேடு ஆயில் 30 கிரேடின் எல்லைக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கிய ஆயிலோடு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறீர்கள்.

சர்வீஸ் அட்டவணை 15,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு என்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டரில் நெடுஞ்சாலையில் ஓடினால் அது 250 மணி நேர ஓட்டம். சோழிங்கநல்லூர் சிக்னல்களில் சராசரி 20க்கு இறங்கினால் அதே 15,000 கிலோமீட்டர் 750 மணி நேரம். ஓடோமீட்டருக்கு இரண்டும் ஒன்று. ஆயிலுக்கு அப்படியில்லை. ஆகவே 7,500 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். டிராக்குக்குப் போகும் தேதி தெரிந்திருந்தால், ஆயில் மாற்றுவதை அதற்கு முந்தைய வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடித்துவிட்டு வந்து மாற்றுவதைவிட அதுவே புத்திசாலித்தனம். ஒரு முறையாவது வடித்த ஆயிலில் கொஞ்சம் சுத்தமான பாட்டிலில் பிடித்து, பழைய ஆயிலைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். 100 டிகிரி பாகுத்தன்மை, பெட்ரோல் கலப்பு, இரும்பு, செம்பு, சிலிக்கான் இந்த ஐந்தும் போதும். சிலிக்கான் ஏறியிருந்தால் மண் தூசி உள்ளே போகிறது. திறந்த கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுங்கள்.

ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் வலஞ்சுழியாகத்தான் ஓட்டுகிறீர்கள். நீண்ட வலது வளைவில் சம்ப்பில் உள்ள ஆயில் முழுவதும் இடப்பக்கம் ஒதுங்கும். அளவு குறைந்திருந்தால் பம்ப்பின் உறிஞ்சு குழாய் ஒரு நொடி காற்றைக் குடிக்கும். எத்தனை உயர்ந்த ஆயில் ஊற்றியிருந்தாலும் அந்த ஒரு நொடியில் பேரிங்குக்கு அது போய்ச் சேராது. ஆகவே டிராக் நாளில் மேல் கோட்டை ஒட்டி இருக்கட்டும். கோட்டுக்கு மேலே போகக் கூடாது. கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை பேரிங்கைத் தாங்காது. அளக்கும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் ஆகியிருக்க வேண்டும்.

கேள்வி: எனது கார் சிறிய மூன்று சிலிண்டர் டர்போ, மேனுவல் கியர். கோவையில் அன்றாடப் பயன்பாடு. அவ்வப்போது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே. கையேட்டில் 0டபிள்யூ-20 முதலாவதாகவும், அட்டவணையில் 5டபிள்யூ-30உம் இருக்கின்றன. எதை ஊற்றுவது? உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை.
– பீளமேடு வாசகர்

பதில்: அட்டவணையில் இருக்கிறது என்றாலே உங்கள் கவலை பாதி தீர்ந்தது. 5டபிள்யூ-30 ஊற்றுங்கள், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 20 கிரேடு முன்னால் வந்ததற்கு எரிபொருள் சிக்கன விதிகள் முக்கியக் காரணம். வேகமாகவோ கடும் சுமையிலோ ஓட்டினால் கூடுதல் பாகுத்தன்மை உள்ள ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று டொயோட்டாவின் கையேடுகளே ஒரு வரி சேர்த்து வைத்திருக்கின்றன. கரி டிராக் 2.1 கிலோமீட்டர்தான், ரேடியேட்டர் மூச்சு விட நீண்ட நேர்ப்பாதை அங்கே குறைவு.

உங்களுக்கு நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது டிராக்கைப் பற்றியது அல்ல. சிறிய டர்போ என்ஜினில் அதிக கியரில், 1,500 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால், தீப்பொறி வரும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. சில நேரம் ஒரே அடியில் பிஸ்டன் உடைந்துவிடும். ஆயிலில் சுத்திகரிப்புக்காகச் சேர்க்கும் கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு கால்சியத்தைக் குறைத்து மக்னீசியம் சேர்க்கத் தொடங்கினார்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2020இல் கொண்டுவந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் இதற்குத் தனிச் சோதனையே உண்டு. டின்னில் எஸ்பி இருக்கிறதா என்று பாருங்கள். அவிநாசி சாலையில் ஐந்தாவது கியரில் உறுமவிடாமல் கியரைக் குறையுங்கள்.

கேள்வி: இரண்டு டின்னிலும் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்றே இருக்கிறது. ஒன்றின் விலை மற்றதைப்போல் இரு மடங்கு. ஏமாற்றுகிறார்களா?
– திருச்சி வாசகர்

பதில்: சட்டப்படி ஏமாற்று இல்லை. கச்சா எண்ணெயிலிருந்து வந்த ஆயிலை ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்துப் பெறுவது மூன்றாம் தொகுதி அடிப்படை எண்ணெய். வாயுவிலிருந்து மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டுவது பிஏஓ; அது நான்காம் தொகுதி. முதல் வகையைச் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபில் நிறுவனம் காஸ்ட்ரால் மீது புகார் கொடுத்தது; விற்கலாம் என்று 1999இல் அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக முடிவு சொல்லிவிட்டது. அதிலிருந்து அந்த வார்த்தை விற்பனைப் பிரிவின் சொத்து.

நான் பார்ப்பது தகவல் தாளில் நோவாக் என்கிற எண்ணை. ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பது அது. ஐரோப்பிய ஏ3/பி4 தரத்தில் 13 வரை அனுமதி. ஒன்று 12, மற்றது 8 என்றால் விலை வித்தியாசத்துக்கு ஏதோ பொருள் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் மலிவானதை வாங்கி, மிச்சக் காசில் அடுத்த முறை சீக்கிரமே மாற்றுங்கள். வாங்குவது அங்கீகாரம் பெற்ற கடையில்தான். ஊற்றிய பிறகு காலி டின்னில் ஆணியால் துளை போட்டுவிட்டுத் தூக்கிப் போடுங்கள். துளை போடாமல் எறிந்தால் அது நாளை வேறெதையாவது நிரப்பிக்கொண்டு யாருக்காவது விற்பனைக்கு வரும்.

கேள்வி: பந்தயத்துக்கென்றே விற்கும் துத்தநாகம் மிகுந்த ஆயிலை அன்றாடம் ஊற்றலாமா? கூடவே ஒரு பாட்டில் அடிட்டிவ் சேர்த்தால்?
– மதுரை வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். பந்தய ஆயில் ஒன்றிரண்டு போட்டிகளில் வடித்துவிடப் போகும் என்ஜினுக்கானது. கசடைத் தாங்கி வைத்துக்கொள்ளும் பொருள்கள் அதில் குறைவு, பல மாதம் நெரிசலில் ஓட அது தயாரிக்கப்படவில்லை. துத்தநாகத்தோடு சேர்ந்து வரும் பாஸ்பரஸ், எரிந்து வெளியேறும்போது கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும். அடிட்டிவ் பற்றி: ஆயிலில் ஏற்கெனவே இருக்கும் சேர்க்கைகளின் விகிதத்தை ஒரு குழுவே உட்கார்ந்து என்ஜின் சோதனைகளில் நிறுவியிருக்கிறது. அதில் நீங்கள் எதைக் கலந்தாலும், கலந்த பிறகு இருப்பது யாரும் சோதிக்காத ஆயில்.

கேள்வி: என் மகன் ஞாயிறன்று டிராக்கில் ஓட்டிவிட்டு வந்த காரில்தான் திங்களன்று என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறான். டிப்ஸ்டிக்கில் ஆயில் கன்னங்கரேல் என்று இருக்கிறது. பானெட் பக்கம் கருகிய வாசமும் வருகிறது. உட்காரவே பயமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம்பரம்

பதில்: ஐயா, கறுப்பு நிறத்துக்குப் பயப்படாதீர்கள். கரியைப் பிடித்து மிதக்க வைத்திருக்கும் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும். பல மாதம் ஓடியும் தேன் நிறத்திலேயே இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். வாசத்தை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். பிரேக் பேடின் கருகல் சக்கரத்தின் அருகே அடிக்கும், ஓரிரு நாளில் போய்விடும். பானெட்டைத் திறந்ததும் அடித்தால், வால்வு கவர் ஓரத்திலோ ஃபில்டர் பொருத்திய இடத்திலோ ஆயில் கசிந்து டர்போவின் மேலோ எக்ஸாஸ்ட் மேலோ சொட்டுகிறது என்று பொருள். அது தீப்பிடிக்கக்கூடிய கசிவு. காரை லிஃப்ட்டில் ஏற்றி, அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கும் வரை மகனை ஆட்டோவில் அழைத்துப் போகச் சொல்லுங்கள். கட்டணத்தை அவரே கொடுக்கட்டும்.